சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு

மெத்வல்லி பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். ரயில்வே கேட் திறந்தே கிடந்தாலும் இறங்கி, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பான். கேஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்பு நுரை தடவிப் பார்ப்பான். ஐந்து நிமிஷம் கழித்து வந்து மறுபடியும் தடவிப் பார்ப்பான். "உன் புருஷன் தூங்கும்போதாவது ரெண்டு கண்ணையும் மூடுவானாடி?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் அவன் மனைவி இன்ஷிராஹிடம் கேட்பார்கள். "ஒண்ணை மூடுவாரு. இன்னொண்ணு சிலிண்டரைப் பார்த்துக்கிட்டே கிடக்கும்" என்பாள் அவள்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஹாஜியார் ஷெர்பீனி தன் தீவன ஆலையின் சுவிட்ச் போர்டை ஒப்படைத்திருந்தார். அது அவருடைய கெட்டிக்காரத்தனம். ஆலை எகிப்தின் நைல் டெல்டாவில், ஸிஃப்தா டவுனுக்குப் போகும் கால்வாய் ரோட்டில் இருக்கிறது. சுற்றுப்பட்டு எருமைகளெல்லாம் அங்கே தயாராகும் தீவனத்தைத்தான் தின்கின்றன. மக்காச்சோளம், தவிடு, பருத்திப் பிண்ணாக்கு எல்லாவற்றையும் ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் கொட்டி, வெல்லப்பாகை ஊற்றி, உள்ளே சுழலும் பிளேடுகளால் கலக்குவார்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். அந்தப் பொத்தான்களுக்குக் காவல்காரன் மெத்வல்லி.

குளிர்காலம் வந்துவிட்டால் பாகு இறுகிப் பிளேடில் அப்பிக்கொள்ளும். யாராவது ஒருவர் ஏணி வைத்து உள்ளே இறங்கிச் சுரண்டியாக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் பயூமிதான். ஒல்லியான ஆள், வாய் மட்டும் பெரிசு. தொட்டிக்குள்ளிருந்து அவன் பாடுகிற பாட்டு வெளியே கேட்காது என்பது மற்றவர்களுக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் என்று ஆலையில் சொல்வார்கள். பக்கத்தில் தீவனக் குச்சி பிழியும் இயந்திரம் நாள் முழுக்க அலறிக்கொண்டிருப்பதால், உள்ளே இருப்பவன் கத்தினாலும் கேட்காது, வெளியே இருப்பவன் கத்தினாலும் கேட்காது.

தானியத்தின் மேல் செருப்புக் காலை வைக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. தெருவில் ஒரு துண்டு ரொட்டி கிடந்தால்கூட எடுத்து முத்தமிட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகிற ஜனங்கள். ஆகவே பயூமி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் இறங்குவான். முதலில் ஏணிக்கடியில் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். மெத்வல்லிதான் ஒருநாள் அதைக் காலால் தள்ளிக்கொண்டுவந்து சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழே விட்டான்.

"இனிமே இங்கேயே கழட்டு. செருப்பு இங்கே கிடந்தா நீ உள்ளே இருக்கேன்னு அர்த்தம். என் சொந்த அப்பன் வந்து சொன்னாலும் பொத்தானைத் தொடமாட்டேன்."

"உங்கப்பன் செத்து எத்தனை வருஷம் ஆச்சு? அவரு எழுந்து வந்து சொன்னா நீ பொத்தானைத் தொடவா போறே, ஓடத்தான் போறே" என்றான் பயூமி.

அன்றிலிருந்து அதுவே ஆலையின் சட்டம் ஆயிற்று. புதிதாக மூட்டை தூக்க வந்தவன்கூட முதல் நாளே தெரிந்துகொள்வான், போர்டுக்குக் கீழே செருப்பு கிடந்தால் எந்த விசையையும் தொடக்கூடாது என்று. தொழிலாளர் துறை ஆபீசர் வருவார், தீயணைக்கும் சிலிண்டரை எண்ணுவார், தேநீர் குடிப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஹாஜியாருக்கும் தெரியாது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. பெரிய மனுஷர் முன்னால் செருப்பு என்ற வார்த்தையைச் சொல்வதே மரியாதைக் குறைவு. சொல்லியே ஆகவேண்டும் என்றால் முதலில் 'மன்னிக்கணும்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் சொல்லவேண்டும். ஹஜ் போய்வந்த முதலாளியிடம் போய், எங்கள் உயிர் செருப்பில் இருக்கிறது என்று எவன் சொல்வான்?

அன்று ஜனவரி மாதக் குளிர். பயூமி உள்ளே இறங்கியதை மெத்வல்லி தன் கண்ணால் பார்த்தான். செருப்பு போர்டுக்கடியில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் எடை சரியில்லை என்று கேட்டில் சண்டை பிடிக்க, மெத்வல்லியைக் கூப்பிட்டார்கள். போனான், கத்தினான், திட்டு வாங்கினான். அதற்குள் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் போர்டுக்கடியில் செருப்பு இல்லை.

சரி, பயூமி வெளியே வந்து தொழப் போய்விட்டான் என்று நினைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இருந்தாலும் மெத்வல்லி அல்லவா, தொட்டிப் பக்கம் திரும்பி, "உள்ளே யாரு?" என்று ஒருமுறை கத்தினான். மறுபடியும் கத்தினான். பிழியும் இயந்திரத்தின் அலறலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

அழுத்தின கையாலேயே சிவப்பையும் அழுத்திவிட்டான். தொட்டிக்குள் பிளேடு எதிலோ இடித்துத் தடுமாறிய அந்தச் சத்தம் அவனுக்குத் தெரிந்த சத்தம் இல்லை. ஆனால் பயூமியின் வலதுகால் கணுக்காலுக்கு மேலே துண்டாகிப் போவதற்கு அவ்வளவு நேரமே போதுமாயிருந்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். குழாயடிப் பக்கமிருந்து ஹாஜியார் ஷெர்பீனியும் ஓடிவந்தார், சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டி, தாடியில் தொழுகைக்காக ஒளுச் செய்து முகம் கழுவிய தண்ணீர் சொட்டச் சொட்ட. அவர் காலில் பயூமியின் செருப்பு.

ஒளுச் செய்யப் போகிறவன் கிட்டே கிடக்கிற செருப்பை மாட்டிக்கொண்டு போவது உலகத்தில் உள்ள வழக்கம்தான். அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. ஹாஜியாரும் அதைத்தான் செய்தார். நல்ல மனுஷர். ரத்தத்தைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கி நிற்க, தன் தலைப்பாகையை அவிழ்த்துக் காலை இறுக்கிக் கட்டியதும், தன் சொந்தக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்ததும் அவர்தான். அவர் மட்டும் அவ்வளவு வேகமாகப் போகாவிட்டால் பயூமி உயிரோடு இருந்திருக்க மாட்டான். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

போலீஸ் வந்து மெத்வல்லியைக் கூட்டிக்கொண்டு போனது. பொத்தானை அழுத்தியவன் அவன். வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்?

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் பயூமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, யார் மேலாவது புகார் உண்டா என்று கேட்டார். பயூமி மயக்க மருந்து முழுக்கத் தெளியாத நாக்கோடு, "யார் மேலயும் இல்ல. அல்லாஹ்வோட நாட்டம்" என்றான். எங்கள் பக்கத்தில் கை போனவனும் இதைத்தான் சொல்வான், கண் போனவனும் இதைத்தான் சொல்வான். படித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, பாவம் விவரம் தெரியாத ஜனம் என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். அது பாசத்தில் வருகிற வார்த்தை. புகார் என்று ஒரு சொல் சொன்னால், கூட உட்கார்ந்து ஒரே தட்டில் பீன்ஸ் சாப்பிட்டவன் ஜெயிலுக்குப் போவான். அது தெரிந்துதான் சொல்கிறார்கள். மறுநாள் மெத்வல்லியை வெளியே விட்டுவிட்டார்கள்; கேஸை முடிப்பதா நடத்துவதா என்பது மட்டும் அரசு வக்கீல் கையில் இருந்தது.

அவன் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசலிலேயே நின்றான்.

"வாடா உள்ளே. என்ன, என்னைப் பார்த்தும் பயமா? மிச்சமிருக்கிறது ஒரு காலு, அதை வச்சு உன்னை உதைக்கவா போறேன்" என்றான் பயூமி.

மெத்வல்லி கட்டிலின் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பயூமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு, "போதும்டா, படுக்கையை நனைச்சா நர்ஸ் என்னைத்தான் திட்டுவா. ஆரஞ்சை உரி" என்றான். உரித்துக் கொடுத்ததை வாயில் போட்டுக்கொண்டே ஒரு நல்ல செய்தியும் சொன்னான். ஹாஜியார் வந்துவிட்டுப் போனாராம். சம்பளம் மாசாமாசம் வீட்டுக்கே வந்துவிடுமாம். அதோடு, பயூமியின் தம்பி ஸாபித்துக்கு ஆலையிலேயே வேலை.

"என்ன வேலை?" என்றான் மெத்வல்லி.

"என் வேலைதான். வேறென்ன? அவனும் என்னை மாதிரி ஒல்லிதானே."

மெத்வல்லியின் கையில் இருந்த ஆரஞ்சு அப்படியே நின்றுவிட்டது. ஸாபித்துக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தத் தொட்டிக்குள் அவன் இறங்குவான். இந்தக் கைதான் பொத்தான்மேல் இருக்கும். நடுவில் இருக்கப்போவது பழையபடி ஒரு ஜோடி செருப்பு.

அன்றைக்கே ஹாஜியாரிடம் போனான். கணக்கு அறையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார், அவருக்கும் தூக்கமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஹாஜியார், போர்டுக்கு ஒரு பூட்டு போட்டுடுங்க. உள்ளே இறங்குறவன் பூட்டிட்டு, சாவியைத் தன் பையிலேயே வச்சுக்கட்டும். அவன் வெளியே வந்து திறந்தாத்தான் கரண்டு வரணும். எலெக்ட்ரீஷியனை விசாரிச்சுட்டேன், அரை நாள் வேலைதான்னு சொல்றான்."

"அந்த போர்டைப் பூட்டினா பிழியுற மெஷினும் சேர்ந்து நிக்கும் மெத்வல்லி. ஒவ்வொரு தடவை சுரண்டும்போதும் ஆலையை நிறுத்தச் சொல்றியா? அப்புறம் எல்லாருக்கும் எங்கேருந்து சம்பளம் வரும்?" என்றவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். "நான் யோசிக்காம இல்லப்பா. இதைப் பாரு."

பளபளவென்று ஒரு ஜோடி சிவப்புப் பிளாஸ்டிக் செருப்பு.

"பசங்க விஷயத்தைச் சொன்னாங்க. இனிமே இந்தச் சிவப்புச் செருப்பு உள்ளே இறங்குறவனுக்கு மட்டும்தான். வேற எவனும் காலை விடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். வியாழக்கிழமை ஒரு கிடா அறுத்து, திருஷ்டி கழிய தொட்டிமேல ரத்தக் கை பதிச்சு, எல்லாரும் உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதி முடிச்சுடுவோம். அரசு வக்கீலுக்கும் சமாதானம் ஆயிடுச்சுன்னு காகிதம் போயிடும். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

மெத்வல்லிக்கு வாய்வரை வந்தது. நாய் கவ்விக்கொண்டு போனால்? மூட்டை மேலே விழுந்து மறைத்தால்? யாராவது கூட்டும்போது ஓரமாகத் தள்ளிவிட்டால்? அதையெல்லாம்விட, எந்தச் செருப்பை யார் போட்டுக்கொண்டு போனதால் வந்த வினை இது? ஒன்றையும் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த செருப்புக்கும் ஹாஜியாரின் முகத்துக்கும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வீட்டில் இன்ஷிராஹ் அவித்த பீன்ஸையும் ஊறுகாயையும் வைத்தாள். தொடவில்லை. அவளே கேட்டுக் கேட்டு, அரசு வக்கீலிடம் போகலாமா என்று அவன் யோசிப்பதை வரவழைத்தாள். வரவழைத்ததும் சண்டைக்கு வந்தாள்.

"அந்த மனுஷன் காலைக் கொடுத்துட்டு உங்களைக் காப்பாத்தியிருக்காரு. நீங்க போய் அரசு வக்கீல்கிட்ட, இது நாட்டம் இல்ல, பூட்டு இல்லாத குத்தம்னு சொல்லப் போறீங்களா? கேஸ் நடந்தா முதல்ல யாரைப் பிடிப்பான்? பொத்தானை அழுத்தினது ஹாஜியாரா?"

"நான்தான்."

"தெரியுதுல்ல? எலி ஓடினா கட்டில்மேல ஏறுற ஆளு நீங்க. ஜெயில்ல போய் என்ன பண்ணுவீங்க?"

"பயமாத்தான் இருக்கு, இன்ஷிராஹ். ஆனா அந்தப் பொத்தான்கிட்ட நிக்கிறதை நினைச்சா அதைவிட பயமா இருக்கு. ஸாபித் உள்ளே இருக்கானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? சிவப்பு செருப்பைப் பார்த்தா?"

அவளுக்கு அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "சாப்பிடாமப் போய் அங்கே மயங்கி விழுந்து தொலைக்காதீங்க" என்றாள்.

வியாழக்கிழமை ஆலை முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். தொட்டியைக் கழுவித் துடைத்திருந்தார்கள். கிடா தூணில் கட்டிக் கிடந்தது, கத்தியோடு ஒருவன் அதன் பக்கத்தில் குந்தியிருந்தான். பள்ளிவாசல் இமாம் நடுவில், அவருக்கு வலப்பக்கம் ஹாஜியார். பயூமியை நாற்காலியோடு தூக்கி வந்து உட்கார வைத்திருந்தார்கள். மடித்துக் குத்திய அங்கியின் நுனியைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துப் பேசினார்கள். தம்பி ஸாபித் புது வேலை கிடைத்த கூச்சத்தோடு அண்ணனின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இமாம் பொறுமையைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். பிறகு, "இது அல்லாஹ்வின் நாட்டம். யாருக்கும் யார் மேலும் குறை இல்லை. இதன்மேல் ஃபாத்திஹா" என்று கைகளை ஏந்தினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. எங்கள் பக்கத்தில் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி முடித்த பேச்சைப் பிறகு எவனும் மாற்றமாட்டான். கையெழுத்தைவிட அது பெரிசு.

மெத்வல்லியின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"கையைத் தூக்கு மெத்வல்லி" என்றார் ஹாஜியார், மெதுவாக.

"மன்னிக்கணும் ஹாஜியார்" என்று ஆரம்பித்தான் மெத்வல்லி. அந்த ஒரு வார்த்தையிலேயே அடுத்து என்ன வரப்போகிறது என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. "மன்னிக்கணும். செருப்பைப் பத்திப் பேசணும். அன்னைக்கு அந்தச் செருப்பை நீங்க போட்டுட்டுப் போனீங்க. நான் பொத்தானை அழுத்தினேன். போர்டுல பூட்டு இல்ல. இது மூணும் நாம செஞ்சது. இதைத் தூக்கி அல்லாஹ் மேல போட எனக்குக் கை வரல."

கத்தியோடு இருந்தவன் வாயைப் பிளந்தான்.

முதலில் வெடித்தது பயூமிதான். "டேய், உனக்குப் பைத்தியமா? யாருக்காகடா நான் அப்படிச் சொன்னேன்? காலு போன வலியிலயும் உன் மூஞ்சியை நினைச்சுத்தானே சொன்னேன்! இப்போ நீயே போய்த் தலையைக் கொடுக்கிறியா?"

"உன் தம்பி உள்ளே இறங்கப் போறான் பயூமி. வெளியே நான் நிக்கப் போறேன். உனக்கு இன்னொரு தடவை அப்படிச் சொல்ற மனசு இருக்கா?"

பயூமி நாற்காலிக்குப் பின்னால் ஏந்தியிருந்த தம்பியின் கைகளைப் பார்த்தான். பிறகு கோபம் இறங்கிய குரலில், "சரி, நீ உள்ளே போயிட்டா உன் வீட்டுக்கு யாருடா சோறு போடுவா?" என்றான்.

"நீ போடு" என்றான் மெத்வல்லி.

பயூமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. ஏந்தியிருந்த கைகளால் அதைத் துடைத்துக்கொண்டான், மறுபடி ஏந்தவில்லை. ஸாபித் கையை இறக்கினான். மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தலை சொறிகிற சாக்கில், மூக்கைத் தேய்க்கிற சாக்கில், ஒவ்வொருவராக இறக்கினார்கள். இமாம் என்ன செய்வதென்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தார்.

ஹாஜியாரின் கைகள் மட்டும் ஏந்தியபடியே இருந்தன.

"எனக்குத் தெரியாதுடா" என்றார். "வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா, அந்தச் செருப்பு எதுக்குக் கிடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வெறுங்காலோட போயிருக்கமாட்டேனா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் ஹாஜியார்" என்றான் மெத்வல்லி. அதில் குத்தல் எதுவும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இத்தனை வருஷமா உங்க ஆலையில உங்க தொட்டிக்குள்ள இறங்கினோம். எங்க உயிர் எதுல தொங்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. அதை அப்படியே அரசு வக்கீல்கிட்ட வந்து சொல்லுங்க. நான் செஞ்சதை நான் சொல்றேன். உங்களுக்குத் தெரியாதுங்கிறதை நீங்க சொல்லுங்க. எழுதிக்கட்டும்."

ஹாஜியார், ஓதி முடித்தால் செய்வதுபோல் கைகளை முகத்தில் தடவிக்கொள்ளாமலேயே கீழே இறக்கினார். கிடாவைப் பார்த்தார், கழுவி வைத்த தொட்டியைப் பார்த்தார். பிறகு தரையில் கையூன்றி, வயசானவர் போலத் தடுமாறி எழுந்தார்.

"ஆட்டை அவுத்து விடுங்க. பூட்டு வர்ற வரைக்கும் அந்தத் தொட்டிக்குள்ள யாரும் இறங்கக் கூடாது, ஸாபித்தும்தான்" என்றார். காரின் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தவர், மெத்வல்லி இன்னும் பாயிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். "எழுந்து வா. அரசு வக்கீல் ஆபீஸ் மூடுறதுக்குள்ள போயிடலாம். தனியாப் போறதுக்கு எனக்கும் பயமாத்தான் இருக்கு."